சிவிகைக் கூலி முதல் மீட்டர் கட்டணம் வரை: கல்கத்தா வாடகை ஊர்திகளின் வரலாற்றில் அளவை

சிவிகையைச் சுமப்பவனையும் அதில் அமர்ந்து செல்பவனையும் ஒருங்கே நிறுத்திக் காட்டும் குறள் (37) தமிழ் உரையுலகில் நெடிய விவாதத்திற்கு உரியதாக இருந்து வந்துள்ளது. அறத்தின் பயன் இன்னதென உணர்த்த ஆகம அளவை வேண்டுவதில்லை. சுமப்பவனும் ஊர்பவனுமாகிய இருவரிடையே காட்சி அளவையாலேயே அது விளங்கும் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். இருபதாம் நூற்றாண்டு உரைகாரர் பலர் இதனை ஏற்கவில்லை. அவ்விவாதத்தைத் தொடர்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அக்குறளில் இல்லாத ஒன்றே ஈண்டுக் கருதப்படுகிறது. சுமப்பவனுக்கு என்ன கூலி, அதனை யார் எவ்வாறு அளந்தனர் என்பதே அது.

சொந்தச் சிவிகையில் இவ்வினா எழுவதில்லை. சுமப்பவன் இல்லத்துப் பணியாளனாகவோ அரண்மனைப் பணியாளனாகவோ இருப்பான். அவனுக்குரியது படியும் துணியும் ஆண்டுக் கூலியும் ஆகும். அறிமுகமில்லாத ஒருவர் தெருவில் நின்று சிவிகையை அமர்த்தும்போதே இருவருக்குமிடையே ஓர் அளவை தேவைப்படுகிறது. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என இலக்கண நூலார் கூறும் நால்வகை அளவைகளுள் இங்கு நேரே பொருந்துவது நீட்டல் ஒன்றே. ஆனால் காத்திருக்கும் நேரத்தை நீட்டலால் அளக்க இயலாது. காலத்தை அளந்தாலோ விரைந்து செல்பவன் இழப்பான், மெல்லச் செல்பவன் ஈட்டுவான். வாடகை ஊர்தியின் வரலாறு என்பது பெரும்பகுதி இந்தச் சிக்கலின் வரலாறே ஆகும். கல்கத்தா நகரத்தில் இது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தொடர்ச்சியாக நிகழ்ந்திருத்தலின் அந்நகரமே இங்கு ஆய்வுக் களமாகக் கொள்ளப்படுகிறது. பெயர் மாற்றம் 2001இல் நிகழ்ந்தது என்பதால் அதற்கு முந்திய செய்திகளுக்குக் கல்கத்தா என்றும் பிந்தியவற்றுக்குக் கொல்கத்தா என்றும் வழங்கப்பட்டுள்ளது.

பெயர்கள் தரும் செய்தி

முதற்கண் சொற்களை நோக்குவது பயனுடையது. தமிழில் வழங்கும் 'வாடகை' என்னும் சொல் வடமொழிப் 'பாடக' என்பதன் வழி வந்தது என்பர். தெலுங்கின் 'பாடுக', கன்னடத்தின் 'பாடிகெ', வங்காளத்தின் 'பாடா' ஆகியனவும் அதனோடு உறவுடையன. தமிழில் இதற்கு இணையாக வழங்கிய மற்றொரு சொல் 'சத்தம்'. வண்டிச்சத்தம் என்பது வண்டிக்குரிய கூலியைக் குறித்தது. இன்றைய இளைஞர் இத்தொடரைக் கேட்டால் சக்கரத்தின் ஓசையையே எண்ணுவர். பொருள் மறைந்து வடிவம் மட்டும் நின்றமைக்கு இது நல்ல சான்று.

ஊர்திகளின் பெயர்களை இருவகைப்படுத்தலாம். ஒருவகை அசைவினால் பெற்ற பெயர். ஆங்கிலத்துக் 'கேப்' என்பது 'கேப்ரியொலே' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் குறுக்கம். அதன் அடியில் இருப்பது ஆட்டின் துள்ளல். சென்னையிலும் தென்மாவட்ட ஊர்களிலும் ஓடிய ஜட்கா, தக்கணி இந்தியின் 'ஜட்கா' என்பதிலிருந்து வந்தது. விரைவு, குலுக்கல் என்பன அதன் பொருள். 1886இல் வெளிவந்த யூல், பர்னெல் ஆகியோரின் ஹாப்சன் ஜாப்சன் அகராதி இதனைச் சென்னையின் உள்நாட்டு வாடகை வண்டி என்று குறித்து, அதன் ஆட்டங்கண்ட நிலையையும் எள்ளலோடு சொல்கிறது. இலண்டனில் துள்ளலும் சென்னையில் குலுக்கலும் பெயராயின என்பது தற்செயலே எனினும், பயணியின் முதுகெலும்பு இரண்டிடத்தும் ஒன்றுதான்.

மற்றொரு வகை, கூலியால் பெற்ற பெயர். கல்கத்தாவின் குதிரை வண்டி 'டிக்கா காரி' எனப்பட்டது. டிக்கா என்பது பேசி முடித்த ஒப்பந்தத்தைக் குறிக்கும். 'டாக்சி' என்பதும் இவ்வகையினதே. விலை மதிப்பிடுதல் எனப் பொருள்படும் இடைக்கால இலத்தீன் 'டாக்சா' என்பதிலிருந்து ஜெர்மானிய 'டாக்சாமீட்டர்' பிறந்தது. அது பிரெஞ்சில் 'டாக்சிமீட்டர்' ஆயிற்று. அக்கருவி பொருத்தப்பட்ட வண்டி 'டாக்சிமீட்டர் கேப்' எனப்பட்டுப் பின் 'டாக்சி' எனக் குறுகியது. இழுக்கும் விலங்கோ செய்த ஊரோ ஓட்டும் மனிதனோ அன்றி, அளக்கும் கருவியே ஊர்தியின் பெயராய் நின்றது இங்குத்தான்.

1827: கடிகாரமும் வில்லையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவின் பொது ஊர்தி பல்லக்கு. கும்பெனி எழுத்தர், வணிகர், நோயாளர் என நடக்க விரும்பாத அல்லது நடப்பது தகுதிக்குறைவு என எண்ணிய யாவரும் அதனை நாடினர். தூக்குவோருள் பெரும்பாலோர் ஒடியப் பகுதியிலிருந்து வந்தவர்கள். பீகாரிலிருந்து வந்த ரவானிகள் என்போரும் இருந்தனர். ஈட்டியதை ஊருக்கு அனுப்பிவிட்டு நகரில் கூட்டாகத் தங்கி வாழ்ந்தவர்கள் இவர்கள். கூலி பேச்சினால் முடிவாயிற்று. வழியின் தொலைவு, ஏறுபவரின் உடற்கனம், வெயில், மழை, சேறு ஆகியன அப்பேச்சில் இடம்பெற்றன. ஏறுவோர் தரப்பில் இது ஏமாற்று எனவும் மிரட்டல் எனவும் தொடர்ந்து முறையிடப்பட்டது.

1827இல் காவல்துறை இதற்கு ஒரு முறைமை வகுத்தது. தூக்குவோர் ஒவ்வொருவரும் பதிவு செய்துகொண்டு உரிமம் பெறவேண்டும்; எண் பொறித்த வில்லையை அணியவேண்டும்; கூலி, வகுக்கப்பட்ட வீதப்படி, காலக் கணக்கில் பெறவேண்டும் என்பன அதன் உட்கூறுகள். இதனை எதிர்த்துப் பல்லக்குத் தூக்குவோர் பணியை நிறுத்தினர். திரளாக மைதானத்தில் கூடினர். இந்திய நகரத் தொழிலாளரின் வேலைநிறுத்தங்களுள் நன்கு பதிவான மிகப் பழையவற்றுள் இது ஒன்றாகும்.

அவர்கள் எதனை எதிர்த்தனர் என்பது நுணுகி நோக்கத்தக்கது. வில்லை அணிவதை அவர்கள் இழிவாகக் கருதினர். சாதி ஒழுக்கம் பற்றிய அச்சமும் அதில் கலந்திருந்தது. பிற்கால எழுத்தாளர் பலர் இதனை அறியாமை எனச் சொல்லி முடித்துக்கொண்டனர். அம்முடிபு பொருந்துவதாக இல்லை. எண் பொறித்த வில்லை அணிந்தவன் பெயரிழந்து எண்ணாகிறான்; ஏறியவர் முறையிட்டால் அவ்வெண்ணைக் கொண்டு அவனைப் பிடிக்க இயலும். ஏறியவருக்கு அவ்வாறான எண் எதுவும் இல்லை. கூலி தராது இறங்கிச் சென்றவரைத் தூக்கியவன் எங்ஙனம் தேடுவான்?

காலக் கணக்கு பற்றிய எதிர்ப்பு இதனினும் ஆழமானது. கடிகாரம் ஏறுபவரின் சட்டைப்பையில் இருந்தது, தூக்குபவனிடம் இல்லை. எத்தனை நாழிகை கடந்தது என்பதைச் சொல்பவர் கூலி கொடுப்பவரே. தொலைவு அத்தகையதன்று. கால் நடந்த வழியைக் கால் அறியும். இரு தரப்பினரும் கண்ணால் காணக்கூடியது அது. எனவே அவர்கள் எதிர்த்தது அளவையை அன்று, ஒருவர் கையில் மட்டும் இருக்கும் அளவையை எனலாம். பரிமேலழகரின் சொல்லால் கூறுவதாயின், அவர்கள் வேண்டியது காட்சி அளவை. அரசு தந்தது ஆகம அளவை.

வேலைநிறுத்தம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஒடியர் பலர் ஊர் திரும்பினர். அவர்கள் விட்ட இடத்தைப் பீகாரிகள் நிரப்பினர். பிரௌன்லோ என்னும் ஆங்கிலேயர் ஒருவர் பல்லக்குக்குச் சக்கரம் பூட்டிக் குதிரையில் கட்டினார் என்றும், அதுவே பின்னர் அவர் பெயரால் வழங்கியது என்றும் கூறப்படுகிறது. இச்செய்தி எந்த அளவு கதை என்பது ஒருபுறமிருக்க, பல்லக்கின் பெட்டி வடிவம் சக்கரத்தின் மீது ஏறியமை உண்மையே. 'பால்கி காரி' என்னும் பெயரும், சாய்த்து இழுக்கும் கதவுகளும் குதிரை வண்டியில் பல்லக்கின் எச்சங்களாக நின்றன. தூக்கியவன் மறைந்தான், அவன் தூக்கிய பெட்டி மறையவில்லை.

இலண்டனிலிருந்து வந்த சட்டம்

குதிரை வண்டிக்குரிய சட்டங்கள் கல்கத்தாவில் புதிதாக ஆக்கப்பட்டனவல்ல. இலண்டன் முன்மாதிரி அவற்றுக்கு இருந்தது. 1634இல் கேப்டன் பெய்லி என்பவர் இலண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் நான்கு வண்டிகளை நிறுத்தி, ஓட்டுவோருக்குச் சீருடை தந்து, எந்த இடத்துக்கு எவ்வளவு என்பதையும் வரையறுத்தார். வாடகை வண்டி நிலையம் என்பதற்குக் கிடைக்கும் தொடக்கச் சான்று இது. அடுத்த ஆண்டே முதலாம் சார்லஸ் மன்னர் தெரு நெரிசல் கருதி இவ்வகை வண்டிகளைக் கட்டுப்படுத்த ஆணையிட்டார். 1654இல் நாடாளுமன்ற ஆணை ஒன்று வண்டியோட்டிகளின் தொகைக்கு வரம்பு கட்டிற்று. 1662இல் நானூறு வண்டிகளுக்கு உரிமம் என்னும் சட்டம் வந்தது. உரிமம், எண், வகுத்த கட்டணம், முறைகேட்டிற்குத் தண்டம் என்னும் நான்கும் சேர்ந்த ஒழுங்குமுறை இவ்வாறு உருவாயிற்று. 'ஹாக்னி' என்னும் சொல் எவரும் ஏறத்தக்க சாதாரணக் குதிரையைக் குறித்தது. இன்று இலண்டனுள் அடங்கிய ஹாக்னி என்னும் ஊரின் பெயரோடு அதனை இணைப்பர். கூலிக்கு எழுதுபவரை ஆங்கிலத்தில் 'ஹாக்' என்பதும் இதன் வழியதே. ஆய்விதழ்களுக்கு எழுதும் நமக்கு அப்பெயர் பொருந்தாது. நமக்குக் கூலி இல்லை.

இந்தியாவில் 1861இல் நெடுவழி வண்டிகளுக்கான சட்டமும், 1863இல் பம்பாய்ப் பொது ஊர்திச் சட்டமும், 1879இல் பல மாகாணங்களுக்குப் பொதுவான ஹாக்னி வண்டிச் சட்டமும் இயற்றப்பட்டன. கல்கத்தாவுக்கு 1891இலும் 1919இலும், சென்னைக்கு 1911இலும் தனிச் சட்டங்கள் வந்தன. இவற்றின் உட்கூறுகள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை, விரிக்கவேண்டுவதில்லை. தொலைவு, காலம் ஆகிய இரண்டு அளவைகளையும் சட்டம் ஏற்றது. பூசல் நேரின் நடுவரிடம் செல்ல வழி வகுத்தது. 1827இன் சிக்கல் இதனால் தீர்ந்ததோ எனின், இல்லை. தொலைவினை அளக்கும் கருவி வண்டியில் இல்லாதவரை ஓட்டுபவர் ஒன்று சொல்வர், ஏறியவர் மற்றொன்று சொல்வர்.

மீட்டரின் வாக்குறுதி

இவ்விடத்தில்தான் கருவி வருகிறது. 1891இல் ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் குஸ்டாவ் புரூன் உருவாக்கிய கருவி சக்கரத்தின் சுழற்சியைத் தொலைவாகவும், நிற்கும் நேரத்தைக் கடிகாரத்தாலும் அளந்து இரண்டையும் ஒரே தொகையாகக் காட்டியது. நீட்டலையும் காலத்தையும் ஓர் எண்ணில் இணைத்தமையே இதன் சிறப்பு. 1897இல் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபிரீட்ரிக் கிரைனர் என்பவருக்கு டைம்லர் நிறுவனம் செய்தளித்த மோட்டார் வண்டியில் இது பொருத்தப்பட்டது. இலண்டனில் 1907 முதல் மோட்டார் வாடகை வண்டிகளுக்கு இது கட்டாயமாயிற்று. பம்பாயில் மோட்டார் டாக்சிகள் 1911இல் ஓடத் தொடங்கின.

மீட்டர் தந்த வாக்குறுதி எளியது: எண் இருவர் கண்ணுக்கும் தெரியும், பேச்சு வேண்டா. 1827இல் மறுக்கப்பட்ட காட்சி அளவை இயந்திர வடிவில் வந்தது என்றே சொல்லத் தோன்றும். ஆனால் தொகையை விதிப்பவர் வேறு, அளப்பது வேறு. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டணம் விதிக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளிடம் அளித்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைத் தொடர்ந்தது. எரிபொருள் விலை ஏறும்போது அரசாணை வரும்வரை ஓட்டுநர் காத்திருக்கவேண்டும். ஆணை வந்தபின் மீட்டரின் பற்சக்கரங்களை மாற்றவேண்டும். மாற்றவில்லை எனில்?

மாற்றவில்லை என்பதே விடை. 2000களில் கொல்கத்தாவில் டாக்சியிலிருந்து இறங்கிய எவரும் மீட்டர் காட்டிய தொகையை இருமடங்காக்கி, அதனோடு இரண்டு ரூபாய் கூட்டிக் கணக்கிட வேண்டியிருந்தது. மும்பையில் வண்டியின் வெளிப்புறத்தே பொருத்தியிருந்த மீட்டர் காட்டும் எண்ணுக்கு உரிய தொகையை அச்சிட்ட அட்டையில் பார்த்தறிய வேண்டியிருந்தது. புதிதாக அந்நகரங்களுக்குச் செல்லும் தமிழர் அட்டையைக் கண்டதும் ஐயுறுவர். ஓட்டுநர் அதனை நீட்டும்போதே சினங்கொள்வர். மீட்டர் ஒரு மூலபாடமாகவும் அட்டை அதன் உரையாகவும் நின்றன எனில் நம் துறையினர் எளிதில் விளங்கிக்கொள்வர். உரையின்றி மூலம் பொருள்படவில்லை. உரையோ ஓட்டுநர் கையில் இருந்தது.

கல்கத்தா டாக்சித் தொழிலில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இடைப்பகுதியிலும் பஞ்சாபிச் சீக்கியர் மிகுதி; பின்னர் பீகாரிகள் பெருகினர். பல்லக்கில் நிகழ்ந்த அதே இடமாற்றம் மீண்டும் நிகழ்ந்ததைக் காண்கிறோம். வங்கத் திரைப்படம் இவர்களை இருமுறை நன்கு நோக்கியுள்ளது. ரித்விக் கட்டக்கின் 'அஜாந்த்ரிக்' (1958) படத்தில் பிமல் என்னும் ஓட்டுநர் ஜகத்தல் என்னும் தன் பழைய செவர்லே வண்டியோடு பேசுகிறான்; சத்யஜித் ராயின் 'அபிஜான்' (1962) படத்தில் நர்சிங் என்னும் இராசபுத்திர ஓட்டுநர் தன் குலப்பெருமையையும் கூலிவேலையையும் ஒருசேரச் சுமக்கிறான். இரண்டும் சிற்றூர்ச் சூழலில் நிகழ்வன; இருவரும் கூலிக்கு ஓட்டும் தனியர்.

2014ஆம் ஆண்டு மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், ஏற மறுக்கும் ஓட்டுநர்க்கு 3000 ரூபாய் தண்டம் விதிப்பதை எதிர்த்துக் கொல்கத்தா டாக்சி ஓட்டுநர் வேலைநிறுத்தம் செய்தனர். அந்நகர டாக்சிகளின் கதவுகளில் 'நோ ரெஃப்யூசல்' என எழுதப்பட்டிருந்ததைக் கண்டவர் பலர். மறுக்கும் உரிமை தனக்கில்லை என்பதைத் தன் வண்டியின் மீதே எழுதிக்கொண்டு ஓட்டவேண்டியிருந்தது. 1827இன் வில்லை உடலிலிருந்து கதவுக்கு இடம்பெயர்ந்தது என்பது மிகைக்கூற்றாகாது. 2008ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற ஆணையின்படி பதினைந்து ஆண்டு கடந்த வணிக ஊர்திகள் சாலையிலிருந்து விலக்கப்பட்டு வருதலின் மஞ்சள் அம்பாசிடர்கள் அருகிவிட்டன. மும்பையில் பிரீமியர் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் விடைபெற்றது.

அவற்றின் இடத்திற்கு வந்தவை கைப்பேசிச் செயலி வழி அமர்த்தும் ஊர்திகள். ஓலா 2010இலும் ஊபர் 2013இலும் இந்தியாவில் தொடங்கின. இவற்றில் தொகை ஏறுமுன்பே திரையில் தோன்றுகிறது. ஆகவே ஐயத்திற்கிடமில்லை என்பர். ஆனால் மழை பெய்தாலோ கூட்டம் மிகுந்தாலோ தொகை உயர்கிறது. ஏன் அவ்வளவு உயர்ந்தது என்பதை ஏறுபவரும் அறியார், ஓட்டுபவரும் அறியார். நடுவணரசின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் அவ்வுயர்வை அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு என வரம்பிட்டன. 2025ஆம் ஆண்டு நெறிகள் இருமடங்கு வரை இசைந்தன. 1827இல் கடிகாரம் ஒருவர் கையில் இருந்தது. இப்போது அது இருவர் கையிலும் இல்லை.

கைரிக்‌ஷாவும் மழைநீரும்

கொல்கத்தாவின் கைரிக்‌ஷா இவ்வரலாற்றில் தனித்து நிற்பது. 1870ஐ ஒட்டி ஜப்பானில் தோன்றிய இவ்வூர்தியின் முழுப்பெயர் மனித ஆற்றல் வண்டி எனப் பொருள்படும். கல்கத்தாவில் சீனர் வழி வந்து, 1919ஆம் ஆண்டு ஹாக்னி வண்டிச் சட்டத்தின்கீழ் அடங்கியது. குதிரையின் பெயரால் அமைந்த சட்டத்தில் மனிதன் இழுக்கும் ஊர்தி சேர்க்கப்பட்டமை அன்று எவர்க்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. தமிழிலக்கியம் இதனை அறியாததன்று. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளும் சென்னையில் ரிக்‌ஷாவில் ஏறுகிறார். தமிழ்நாட்டரசு 1973இல் கைரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்க்கு மாற்றாக மிதி ரிக்‌ஷா வழங்கியது. மேற்கு வங்கத்தில் 2006இல் இதனை ஒழிக்கும் சட்டத்திருத்தம் சட்டப்பேரவையில் நிறைவேறியும் இழுப்போர் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மகாராட்டிரத்து மாத்தேரானில் நிலவிய கைரிக்‌ஷாவை ஆறு திங்களுக்குள் நிறுத்த 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இவ்வாணைகள் மனித மாண்பினை முன்னிறுத்துகின்றன. அதில் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. ஆயினும் மாற்று வாழ்வு கையில் கிடைக்குமுன் இழுப்பவரே ஒழிப்பை எதிர்த்து வழக்காடியதையும் வரலாற்றாசிரியர் கணக்கிற் கொள்ளவேண்டும்.

கருத்தரங்கம் ஒன்றிற்காக வட கொல்கத்தா சென்றிருந்த ஒரு நாள், பெருமழையால் தெருவில் முழங்காலளவு நீர் நின்றது. செயலியில் எந்த ஊர்தியும் வரவில்லை. கைரிக்‌ஷா ஒன்று மட்டும் விரலிடுக்கில் பிடித்த மணியை வண்டிக்காலில் தட்டியவாறு வந்தது. மனிதன் இழுக்க அமர்ந்து செல்வதில்லை என்னும் என் உறுதி நூல்கட்டு நனையும் நிலையில் தளர்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எவ்வளவு என்று கேட்டேன். முதியவரான அவர் என்னை நோக்கினார். என் பையை நோக்கினார். பிறகு தம் காலைச் சுற்றி நின்ற நீரை நோக்கி ஒரு தொகை சொன்னார். வழக்கமான கூலியைப் போல் அது ஏறத்தாழ இரு மடங்கு. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் அளந்த நீர் எனக்கும் தெரிந்தது.